நூற்றுப் பதினெட்டாம் வரி

மார்ச் 11, புதன்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சிறு தவறு. மொத்தம் 212 தொழிலாளர்கள் என்று எழுதியிருக்கிறேன். கோப்பில் இருப்பது 181. ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். எண்ணைத் திருத்திவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் எதையும் இரண்டு முறை சரிபார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பகலில் நான் எழுத்தராக இருக்கும் சலவை ஆலையின் ஓராண்டு வருகைப் பதிவேடுதான் என் தரவு. ஓவர்டைம் அதிகம் பார்ப்பவர்கள் அதிகமாக விடுப்பு எடுக்கிறார்களா என்பது கேள்வி. இல்லை, குறைவாகவே எடுக்கிறார்கள் என்று விடை வந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் மகிழ்ந்துபோனார். மாலை வகுப்பில் என்னை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை.

அண்ணி பதிவேட்டை வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன், இரண்டு மாதம். பதிவேட்டில் பெயர் கிடையாது, எண்தான். ஆனாலும் அண்ணன் சொல்லிச் சொல்லி அண்ணிக்கு ஆளைத் தெரியும்.

“நூத்திப் பதினேழு. இது மூக்குப்பொடிக்காரர். திங்கக்கிழமை வந்தாதான் அதிசயம். போடு லீவு.”

அடுத்தது 118, என் அண்ணன். அதையும் அதே குரலில் முப்பத்துநான்கு வாரம் வாசித்தாள். “அப்புறம் வெறும் கட்டம், தம்பி” என்று பக்கத்தைப் புரட்டினாள். அந்த முப்பத்துநான்காம் வாரத்தில்தான், இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்த அன்று, இஸ்திரி இயந்திரத்தின் பக்கத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்; பிறகு எழவே இல்லை. என்னை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டவன் அவன்.

இன்று நான் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி எட்டிப் பார்த்தாள்.

“உங்க அண்ணன் இதுல எங்க இருக்காரு?”

தேடினேன். 117-க்கு அடுத்து 119.

அப்போதுதான் உறைத்தது. ஐம்பத்திரண்டு வாரமும் முழுதாகப் பதிவாகாதவர்களை நீக்கு என்று ஆரம்பத்தில் நானே கணினிக்கு ஒரு கட்டளை எழுதியிருந்தேன். அரைகுறைப் பதிவுகள் கணக்கைக் குழப்பும் என்று பயம். அதில் நடுவில் நின்றுபோன முப்பத்தொரு பேரும் போய்விட்டார்கள். எடுத்துப் பார்த்தால், அவர்களில் இருபத்துமூன்று பேர் ஆலையிலேயே அதிகமாக ஓவர்டைம் பார்த்தவர்கள். தாக்குப்பிடித்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வேலை யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

“என்னாச்சு?”

“கோப்பு திறக்க நேரமாகுது அண்ணி.”

“பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். அவருக்கும் அப்படித்தான்.”

சொன்னேன். அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாய் வலிக்க வாசிச்சேனே” என்றாள். காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.

பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்கச் சொல்லலப்பா. அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுட்டு முடிச்சிரலாம். மொத்தமா மாத்தினா பட்டம் அடுத்த வருஷம்தான். யோசிச்சுக்கோ.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அடிக்குறிப்பை எழுதியும் பார்த்தேன்: ‘முழுமையற்ற 31 பதிவுகள் நீக்கப்பட்டன.’ மூன்று முறை வாசித்தேன். அழித்தேன்.

நாளை: நீக்கும் கட்டளையை எடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஒப்படைக்கவில்லை என்று பேராசிரியருக்குக் கடிதம். பிறகு 212 பேரில் யார் எந்த வாரத்தோடு நின்றார்கள் என்று புதிய அட்டவணை, 118-க்கு 34. மாலையில் அண்ணியைப் பதிவேட்டோடு உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து ஒப்பிட வேண்டும்.