தொட்டேன் சார்!

என் வீட்டுக்காரர் ஒரு புளுகர். இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் என்னைத்தான் அடிக்க வருவார்கள். "விசில் சாரா? அவரா? போங்கக்கா, வாயைக் கழுவுங்க" என்பார்கள். கழுவமாட்டேன். கட்டிக்கொண்டவள் நான். எனக்குத் தெரியாதா?

உயர்நிலைப் பள்ளியில் அவர் விளையாட்டு வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வெயிலில் வரிசையாக நின்று வளர்ந்தவர்கள். ஒருநாள் வங்கியில் கூட்டம் முண்டியடித்தது. இவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். அவ்வளவுதான், கசகசவென்று நின்ற கூட்டம் உயரப்படி வரிசையாகிவிட்டது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளரும் ஓடி வந்து கடைசியில் நின்றார். அவரும் இவருடைய பழைய மாணவர். "நீ எதுக்குடா வந்தே? உள்ள போய் வேலையைப் பாரு" என்று இவர் விரட்டியபிறகுதான் மனிதர் நாற்காலிக்குத் திரும்பினார்.

என் தையல் கடை பள்ளி மைதானத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. மெஷினில் உட்கார்ந்தால் வாலிபால் களம் முழுக்கத் தெரியும். பெண்கள் அணிக்கு ஜெர்சி தைப்பதும் நான்தான், கிழித்துக்கொண்டு வந்தால் திட்டிக்கொண்டே ஒட்டுப்போடுவதும் நான்தான். அதனால் அங்கே நடப்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவருக்குக் கண் மங்கிப்போனதையும் முதலில் பார்த்தது நான்தான்.

களத்தின் கோடியில் ஒரு தண்ணீர் டிரம் இருக்கிறது. யாரோ அதன்மேல் ஈர ஜெர்சியைக் காயப்போட்டிருந்தார்கள். இவர் உயர ஸ்டூலில் உட்கார்ந்து நடுவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார்:

"கடைசியில நிக்கிறவளே! எவ்வளவு நேரமா மரம் மாதிரி நிக்கிறே? முட்டியை மடக்கு!"

டிரம் எங்கே முட்டியை மடக்கும்? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அணித் தலைவி நெட்டை, ஒட்டடைக் குச்சி போல வளர்ந்தவள், மெல்லப் போய் டிரம்முக்கு முன்னால் நின்று முட்டியை மடக்கி, "சரி சார்" என்றாள்.

அன்றைக்கே பெண்கள் கூடிப் பேசிவிட்டார்கள். சாருக்குக் கண் தெரியவில்லை என்பது வெளியே தெரிந்தால் மைதானத்தைவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவரவர் தப்பை அவரவரே சொல்லிவிட வேண்டும்.

அதிலும் ஒரு தப்பு கண் நன்றாக இருப்பவர்களுக்கே தெரியாது. எதிராளி அடிக்கும் பந்து வெளியே போய் விழுந்தால் புள்ளி நமக்கு. ஆனால் போகிற வழியில் நம் பெண் ஒருத்தியின் விரலில் பட்டுவிட்டுப் போனால் புள்ளி அவர்களுக்கு. நகம் உரசினால்கூடக் கணக்குத்தான். அப்படி உரசியவள் உடனே கையைத் தூக்கி, ஸ்டூலைப் பார்த்து, "தொட்டேன் சார்!" என்று கத்துவாள். இவர் ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி விறைப்பாக விசில் ஊதுவார். மெஷினில் உட்கார்ந்து நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த அணியில் வாலு என்று ஒருத்தி உண்டு. வாயைத் திறந்தால் பொய். லீவு வேண்டும் என்பதற்காக உயிரோடு இருக்கும் பெரியப்பாவைப் பலமுறை சாகடித்தவள். பெரியப்பாவே ஒருமுறை பள்ளிக்கு நேரில் வந்து, "நான் இன்னும் சாகலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பேர்ப்பட்டவள்கூட "தொட்டேன் சார்" என்று கையைத் தூக்குவாள். எனக்கு ஊசி துணியிலேயே நின்றுவிடும்.

சரி, இதுவரை ஒன்றும் தப்பில்லை. புளுகு இனிமேல்தான் வருகிறது.

பெரிய லீவில் என் தம்பி வந்தான். நகரத்தில் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன். "மாமா, புரைதான். எடுத்துட்டா பளிச்சுனு தெரியும்" என்று இழுத்துக்கொண்டு போனான். ஊருக்கு, மச்சான் வீட்டு விருந்து என்று சொல்லிக்கொண்டோம். கட்டுப் பிரித்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"ஏய், உனக்கு இவ்வளவு நரையா?"

திருப்பிக் கட்டிவிடுடா என்று தம்பியிடம் சொன்னேன்.

பள்ளி திறந்ததும் பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவதாகத்தான் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் முகம் திருடின பூனை மாதிரி இருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"எங்கடி சொல்றது! நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்த வாலு கையைத் தூக்கிட்டா. சுண்டுவிரல் நகத்துல பட்டுது. நான் பார்த்தேன். வேற யாருமே பார்த்திருக்க முடியாது. அவளாச் சொல்றா! எனக்குக் கண்ணு தெரியுதுன்னு சொன்னா நாளைக்கே எல்லாம் புளுக ஆரம்பிச்சிடுங்க."

"அதுங்க புளுகக் கூடாது, நீங்க புளுகலாமா?"

"கொஞ்ச நாள்தானே."

கொஞ்ச நாள் எங்கே? சுகம் கண்டுவிட்டது மனிதருக்கு. ஸ்டூலை ஒருத்தி தூக்கி வருவாள். டீ கிளாஸை ஒருத்தி கையிலேயே வைத்துவிட்டுப் போவாள். சாலையைக் கடக்க ஒருத்தி கையைப் பிடித்துக்கொள்வாள். ராஜ வாழ்க்கை! இவரும் வேண்டுமென்றே வாசல் கதவில் இடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் மட்டும் குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலைக் காம்பு பளிச்சென்று தெரியும். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த வருடம்தான் புதிய தலைமை ஆசிரியை வந்தார். வெளியூர்க்காரர். விசிலுக்கு அசையாத ஒரே ஆள். வந்ததும் இவரைக் கூப்பிட்டு, "சார், கண்ணாடி அலமாரியில கோப்பை வந்து எவ்வளவு காலம் ஆச்சு? உங்க கண்ணும் சரியில்லைன்னு பேசிக்கிறாங்க. ஒரு இளம் பயிற்சியாளர் தயாரா இருக்கார். இந்த வருஷம் வட்டாரக் கோப்பை வந்தா நீங்க மைதானத்துல இருங்க. வரலைன்னா அடுத்த பருவத்துலேர்ந்து நூலகத்தைப் பார்த்துக்குங்க" என்றார்.

அந்த இடத்தில், "அம்மா, எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த அறையில் சொன்னது மத்தியானத்துக்குள் மைதானத்துக்கு வந்துவிடும். ஆகவே என் புத்திசாலி என்ன சொல்லியிருக்கிறார்? "ஆமா மேடம், கொஞ்சம் மங்கல்தான்." வீட்டில் வந்து இதைச் சொன்னபோது என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அவர் நல்ல நேரம், நான் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

மைதானம் இல்லாவிட்டால் அந்த மனிதர் இல்லை. அது எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்தாலும் வீட்டில் படுக்கமாட்டார், என் கடையில் நாற்காலி போட்டு மைதானத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். நூலகத்தில் வைத்தால் வதங்கிப்போவார். அதனால் கோப்பை வரவேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் தவித்தேன்.

கோப்பை வருகிற மாதிரியும் இருந்தது. பெண்கள் ஒவ்வொரு அணியாகச் சாய்த்துக்கொண்டே போனார்கள். இறுதி ஆட்டத்துக்கு நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். ஊரே வந்திருந்தது. கடைசி செட்டும் கடைசிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு புள்ளி, எடுத்தால் கோப்பை நமக்கு.

எதிர் அணிப் பெண் எம்பி அடித்தாள். வாலு வலைமேல் கையை நீட்டினாள். பந்து எங்கேயோ வெளியே போய் விழுந்தது. நடுவர் வெளியே என்று கையைக் காட்டிவிட்டார். முடிந்தது! வங்கி மேலாளர் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் எழுந்து கத்தியதில் செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது.

அப்போது வாலு கையைத் தூக்கினாள். எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, கணீரென்று:

"தொட்டேன் சார்!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நீட்டிய கையை அவளே பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நடுவர் இறங்கி வந்து கேட்டார். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். புள்ளி மாறியது. அதற்குப்பிறகு யாருக்கும் கைகால் ஓடவில்லை. எதிர் அணி வரிசையாகப் புள்ளி எடுத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

உடை மாற்றும் அறையில் வாலு மூலையில் உட்கார்ந்து விசும்பினாள். மற்றவர்கள் காலணியைக்கூடக் கழற்றவில்லை. இவர் உள்ளே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதும்மா. எனக்குக் கண்ணு தெரியாதுன்னுதானே இப்படிச் சொல்லிப் பழகினீங்க? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. லீவுலயே ஆபரேஷன் ஆயிடுச்சு. இப்பக்கூடப் பார்த்தேன். உன் சுண்டுவிரல்ல, பாலிஷ் உரிஞ்ச நகத்துல பட்டுது. இவ்வளவு நாளா உங்களை ஏமாத்திட்டேன்."

போச்சு, இத்தனை வருட மரியாதையும் போச்சு என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நெட்டை தொண்டையைக் கனைத்தாள். "தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"ஸ்கூல் கேட்டுப் பக்கத்துல தண்ணிக் குழி இருக்கே, முன்னல்லாம் நேரா அதுக்குள்ள இறங்குவீங்க. லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே தாண்டிட்டீங்க."

"அடிப்பாவிகளா! அப்ப ஏன் சொல்லலை?"

வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு நடிச்சீங்க சார். கதவுலல்லாம் இடிச்சுக்கிட்டீங்க. பாவமா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குடி இன்னைக்குக் கையைத் தூக்கினே?"

"பழகித் தொலைச்சிருச்சு சார். நாசமாப் போன கை, தானா போயிருச்சு."

முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், வாலு அழுதுகொண்டே சிரித்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அவளுடைய காலணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழ வெகுநேரம் ஆனது.

தலைமை ஆசிரியை சொன்னால் சொன்னதுதான். கண் சரியாகிவிட்டது என்று இப்போது சொல்லிப் பார்த்தார். "நல்லதுதான் சார், படிக்க உதவும்" என்று நூலகச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். மைதானத்துக்கு இளம் பயிற்சியாளர் வந்தார். தங்கமான பையன்தான், குறை சொல்லமாட்டேன். கழுத்தில் புது விசில், கையில் ஆட்ட உத்தி வரைபடங்கள்.

நூலகம் மாடியில், மைதானத்தைப் பார்த்த ஜன்னலோடு இருக்கிறது. முதல் நாள் ஆட்டத்திலேயே ஒருத்தி விரலில் பந்து உரசியது. கையைத் தூக்கினாள். புதியவரைப் பார்க்கவில்லை, மாடி ஜன்னலைப் பார்த்து, "தொட்டேன் சார்!" என்றாள். மாடியிலிருந்து விசில் வந்தது. ஆட்டம் தொடர்ந்தது. புதியவர் ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் பார்த்தார். தினமும் இதே கூத்து. நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொரு விசிலுக்கும் எழுந்து வரிசையில் நின்றார்கள். புத்தகம் திரும்பக் கொடுக்க வந்த கணக்கு வாத்தியாரும் நின்றார். அவரும் பழைய மாணவர்தானே!

ஒருநாள் தலைமை ஆசிரியை மாடியேறிப் போனார். அங்கே நடந்ததை இவர் சொல்லித்தான் கேட்டேன். ஆனால் ஜன்னலில் நடந்ததை மெஷினில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

"நூலகத்துல விசிலா சார்? கொடுங்க இங்க."

கொடுத்துவிட்டார். தலைமை ஆசிரியை அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து வாலு எம்பினாள். பந்து வெளியே போனது. கையைத் தூக்கினாள். "தொட்டேன் சார்!"

விசில் வரவில்லை. புதியவர் தன் விசிலை ஊதினார். யாரும் அசையவில்லை. தூக்கிய கையோடு வாலு நிற்கிறாள். இரண்டு பக்கப் பெண்களும் ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறார்கள். பந்து தானாக உருண்டு போய் டிரம்மில் முட்டி நின்றது. நானும் மெஷினை நிறுத்திவிட்டேன். புதியவரே தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், பாவம்.

தலைமை ஆசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்து ஊதினார்.

சாலையில் பஸ் ஓட்டுநர் பிரேக் போட்டார். வாலு கையை இறக்கினாள். ஆட்டம் தொடர்ந்தது.

"பட்டுதா மேடம்? பார்த்தீங்களா?" என்று இவர் ஆவலாகக் கேட்டிருக்கிறார்.

"எனக்கு என்ன தெரியும்? அவ சொன்னா, ஊதினேன்." சொல்லிவிட்டு அந்த அம்மாள் கொஞ்ச நேரம் ஜன்னலிலேயே நின்றாராம். பிறகு விசிலைச் சேலை முந்தானையில் துடைத்து இவரிடம் நீட்டினார். "நாளையிலேர்ந்து கீழ போயிடுங்க சார். வரைபடத்தை அந்தத் தம்பி பார்த்துக்கட்டும், இதை நீங்க பாருங்க. நூலகத்துக்கு வேற ஆள் போடறேன்."

மறுநாள் காலை புதுக் காலுறை போட்டுக்கொண்டு கிளம்பினார். கடை வாசலில் நின்று பார்த்தேன். கேட்டில் பெண்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். இவர் நேராகத் தண்ணீர்க் குழியை நோக்கி நடந்தார். ஒரு கணம் நின்று, குழியை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு காலைத் தூக்கி அதன் நடுவில் வைத்தார்.

"ஐயோ சார், பார்த்து!" என்று வாலு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காலுறையைத் துவைப்பது யார்? நான்தான்.