பிலோமினா வீட்டு சம்ப்

லிங்கராஜபுரத்தில் பிலோமினா வீட்டு சம்ப் 1993-லிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பாடியது. சம்ப் என்றால் வாசலுக்கு அடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டிதான், பெங்களூரில் அது இல்லாத வீடு ஏது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காவேரித் தண்ணீரை அதில் பிடித்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியச் சோற்றுக்கு முன்னால் இரும்பு மூடியைத் தூக்கினால் ஆம்பிளைக் குரல்கள் கும்பலாக மாதா பாட்டு பாடும். தண்ணீர் நிறைந்திருந்தால் கட்டையாக வரும், குறைந்தால் கணீரென்று வரும். தண்ணீர் போர்டு ஆள் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குழாயில் லீக் இல்லை என்று சொல்லிப் போனான். அவன் கவலை அவனுக்கு.

காரணம் தெருவுக்கே தெரியும். பிலோமினாவின் புருஷன் மைக்கேல்ராஜ் ஓர் அரபு தேசத்தில் ஏசி மெக்கானிக். எந்த தேசம் என்று என்னைக் கேட்காதீர்கள், நம்ம பிள்ளைகள் இன்னும் அங்கே பிழைக்கிறார்கள். அங்கே கோயில் கட்ட அனுமதி கிடையாது. ரூமுக்குள் ஒருத்தன் தனியாக ஜெபம் பண்ணினால் விட்டுவிடுவார்கள். நாலு பேர் கூடிச் சத்தமாகப் பாடினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் விசா போகும். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை நாள். ஆகவே லீவு நாளான வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்ப் ரூமில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தமிழன், மலையாளி, கோவாக்காரன் எல்லாரும் உதட்டை மட்டும் அசைத்துப் பாடினார்கள். அங்கே அடக்கிய சத்தம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும், இங்கே வந்தது. ஏன் இந்த வீட்டுக்கு என்றால், பிலோமினா மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவள் வேறெங்கும் இல்லை, அவ்வளவுதான். அத்தனை குரலிலும் புருஷன் குரலை அவள் பிரித்துச் சொல்லிவிடுவாள். எல்லாரும் முடித்த பிறகு ஒரு சொல் தனியாக வந்தால் அது மைக்கேல்ராஜ்.

இதனால் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையே ஞாயிறாகிவிட்டது. மட்டன் குழம்பும் வெள்ளைச் சேலையும் அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டு சந்திரம்மா அவரைக்காய் உரிக்கும் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மூடியருகே உட்கார்ந்து, "சென்னாகிதே, நல்லாருக்கு, இன்னொண்ணு பாடச் சொல்லும்மா" என்பாள். எதிர்வீட்டு வகாப் பாய் ஜும்மாவுக்குக் கிளம்பி, தொப்பியும் கையுமாக கேட்டருகே கொஞ்சநேரம் நிற்பார். "அங்கே எங்க ஆளுங்க ஜாஸ்தி, இங்கே கம்மி. கம்மியா இருந்தா குரல் தானா கீழே போயிடும்மா, எனக்குத் தெரியாதா" என்று ஒருநாள் சொன்னார். பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும் இரண்டு வீட்டுப் பாத்திரங்களும் தெருவைக் குறுக்கே கடக்கும்.

குறை ஒன்றே ஒன்று. மைக்கேல்ராஜ் கிளம்பும்போது பிலோமினா முழுகாமல் இருந்தாள். 94-ல் பெண் பிறந்தது. போனில் அவன், "நான் வராம ஞானஸ்நானம் குடுத்துடாதே பிலோமி, சாமியார் கேக்கிறதுக்குத் தகப்பன் பதில் சொல்லணும்" என்று கெஞ்சினான். பாஸ்போர்ட் கம்பெனி பெட்டியில். இந்த வருஷம் லீவு, அடுத்த வருஷம் லீவு என்று இழுத்தடித்ததில், பேர்கூட வைக்காமல் பாப்பா என்றே கூப்பிட்ட பிள்ளைக்கு மூன்று வயது முடிந்தது. 97 மழைக்காலத்தில் பாப்பாவுக்கு நிமோனியா கண்டு, பிழைத்ததே பெரிசு என்றாகிவிட்டது. தண்ணீர் ஊற்றாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த பயம் அவளை விடவில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் உடனே வேண்டும், தகப்பன் பதிலும் வேண்டும். பங்குச்சாமியார் ஞானாதிக்கத்திடம் போய், சம்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

சாமியார் கோபக்காரர். "ஏன், கோயில்ல தண்ணி இல்லையா?" என்றார். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, அங்கியைச் சுருட்டிக்கொண்டு குனிந்து கேட்டார். இரண்டு பாட்டு முடிந்ததும் படியில் உட்கார்ந்து காபி வாங்கிக் குடித்தார். "தகப்பன் வாயால பதில் வரணும், அதான் முறை. எங்கேயிருந்து வரணும்னு யாரும் சொல்லலை" என்றார். எஸ்டிடி பூத்திலிருந்து மைக்கேல்ராஜுக்குப் போன் போட்டு நேரம் குறித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் வகாப் பாய் ஷாமியானா போட்டார். சாமியார் சம்புக்குள் முகத்தை நீட்டி, "சர்வவல்லபரான பிதாவை விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது.

அங்கே நடந்தது இதுதான். சரியாக அந்த நேரம் கேம்புக்கு ஒரு போலீஸ் அதிகாரி வந்துவிட்டார். இத்தனை பேர் எதற்குக் கூடியிருக்கிறீர்கள் என்றார். மைக்கேல்ராஜ் தெரிந்த அரபியில் பாதி, கையைக் காட்டிப் பாதி, மகளுக்கு ஊரில் ஞானஸ்நானம், நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றான். அதிகாரிக்கும் பெண் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். கூட்டம்தான் கூடாது, மற்றவர்கள் வெளியே போங்கள், ஒருத்தன் தன் ரூமில் என்ன சொன்னாலும் எனக்குக் காது கேட்காது என்று சொல்லி, கதவையும் அவரே சாத்தினார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மைக்கேல்ராஜுக்கு வாய்விட்டுச் சொல்ல அனுமதி கிடைத்தது. சந்தோஷத்தில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, சுவர் அதிர, "விசுவசிக்கிறேன்" என்று கத்தினான். மடையன். வாய்விட்டுச் சொன்ன சொல் அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் வெளியே வெயிலில் மதிலோரம் நின்ற மற்றவர்களுக்கு அனுமதி இல்லையே. அவர்கள் அவனுக்காக அதே சொல்லுக்குப் பழக்கப்படி உதட்டை அசைத்தார்கள். லிங்கராஜபுரத்தில் ஓரமாகத் தள்ளி வைத்திருந்த சம்ப் மூடி எகிறியது. "விசுவசிக்கிறோம்" என்று அத்தனை பேரும் மூன்று பாஷையில் முழங்கினதில் ஷாமியானா படபடத்தது, சந்திரம்மாவின் முறம் கவிழ்ந்தது. கடைசியில் தனியாக வரும் அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை என்று பிலோமினாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் இத்தனை பேர் பாடத் தெம்பாக இருந்தால் அவனும் உயிரோடுதான் இருப்பான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊத்துங்க சாமி" என்றாள். அமலி என்று பேர் வைத்தார்கள். சாயங்காலம் போனில் மைக்கேல்ராஜ், "சத்தமா சொன்னேன் பிலோமி, வாய்விட்டே சொன்னேன்" என்று பெருமையடித்தான். "அதான் கெட்டுது" என்றாள் அவள். பூத்துக்காரர் முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்படி அமலிக்கு ஒரு பட்டாளமே ஞானத்தகப்பன்களாக வாய்த்தது. லீவில் வந்தவர்கள் எல்லாம், கொச்சிக்காரனானாலும் கோவா மட்காவ்காரனானாலும், பெங்களூர் வழியாக இறங்கி, பேரீச்சம்பழமும் பால்பவுடருமாக லிங்கராஜபுரம் வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொந்த ஊர் பஸ் ஏறினார்கள். மைக்கேல்ராஜுக்கு மட்டும் லீவு கிடைத்தபாடில்லை. பிள்ளை வளர வளர அதுவே வினையானது. எல்லா மாமாவும் எனக்காகச் சொன்னார்கள், அப்பா மட்டும் சொல்லவில்லை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, போனைக் கொடுத்தால் வாங்கமாட்டாள்.

2001-ல் மைக்கேல்ராஜ் கணக்கு முடித்து ஒரேயடியாக வந்தான். வாசலில் ஆட்டோ நின்றது. அவன் கையை நீட்டினான், அமலி பக்கத்தில் வரவில்லை. நேராகப் போய், இரண்டு கையாலும் சம்ப் மூடியைத் தள்ளினாள். "நீ சொல்லவே இல்லை. இப்ப சொல்லு" என்றாள்.

புது பேண்ட்டோடு அவன் முட்டிபோட்டான். உரக்கச் சொன்னால் மறுபடி தப்பாகிவிடுமோ என்று ஒரு நொடி யோசித்தான். பிறகு நம்ம வாசல்தானே என்று, தெருக்கோடி வரை கேட்கும்படி, "விசுவசிக்கிறேன்" என்றான். அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. இருந்தாலும் கீழேயிருந்து கைதட்டல் கேட்டது, வெகுநேரம். அமலி அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "அப்பா வந்துட்டாரு" என்று கேம்ப் மாமாக்களுக்குச் சொன்னாள். பிறகு மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.