நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

எங்கள் ஊரில் ஒரு காரைக் கொடுத்து இன்னொரு காரை வாங்க வேண்டுமென்றால், கொடுக்கிற கார் முதலில் கிளம்பியிருக்க வேண்டும். இந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. கோயமுத்தூரில் எல்லோரும் அப்படித்தான் மாற்றுகிறார்கள். என் கார் இன்னும் கிளம்பவே இல்லை என்று சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் சண்டை.

என் பெயர் தெய்வசிகாமணி. பம்புகளுக்கு வால்வு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறேன். இரண்டு கதவு, இரண்டு இருக்கை. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே நான்கு விரல் போகும். எலி வளையானாலும் தனி வளை என்று அதை வாங்கினேன். இன்றுவரை அதன்மேல் ஒரு கீறல் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

அதை மாற்றச் சொன்னது என் மனைவி கலாமணி. அவளுக்கு முழங்கால் வலி. அந்த இருக்கையில் உட்காருவது குழிக்குள் விழுவது மாதிரி இருக்கிறதாம். எழுந்திருக்கும்போது கதவை அகலத் திறந்து, காலை வெளியே போட்டு, முன்னும் பின்னும் மூன்று முறை ஆடித்தான் எழுவாள். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நின்று, "கதவு, கதவு" என்பேன். நடைபாதைக் கல்லில் கதவு உரசிவிடக் கூடாது அல்லவா. யாராவது சொல்லத்தானே வேண்டும்.

அதனால் ஒரு பழைய காரைப் பார்த்தோம். அறுபத்திரண்டாம் வருட மாடல். சாம்பல் நிறம், வட்ட விளக்கு, உயரமான அகல இருக்கை. கலாமணி அதில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். ஒரு தடவைகூட ஆடவில்லை. பின் இருக்கையில் அதன் சொந்தக்காரர் வரதராஜுலு இருந்தார். எண்பத்தோரு வயது. வண்டியோடு கிடைக்கும் சாமான்களின் பட்டியலில் ஸ்டெப்னி, ஜாக்கி, வரதராஜுலு என்று வரிசையாக எழுதியிருந்தது. பழைய கார் என்றால் இப்படி ஏதாவது இருக்கும்.

ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. மாற்றலாமா, வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். விசாரித்துப் பார்ப்பதில் தவறில்லை என்று வெள்ளிக்கிழமை காலை வாகன மாற்று அலுவலகத்துக்குப் போனோம். இரண்டு கார்களையும் முற்றத்தில் நிறுத்தச் சொன்னார்கள்.

அலுவலகத்தில் ஒரே ஒரு தாழ்வாரம்தான். அதில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் எண் எழுதியிருந்தது. வாசலில் இருந்த காவலர் எனக்கு ஒரு ரப்பர் ஹாரன் கொடுத்தார். வளைவுக்கு வளைவு அடிக்க வேண்டும். இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். பதினான்காவது வளைவில் ஒரு ஓய்வூதியக்காரர் வழிவிடாமல் இறங்கினார். அவரோடு சண்டை போட்டேன். ஒன்பதாவது வளைவிலேயே ஒரு வரையாடு நின்றிருந்தது. அதன் கழுத்தில் டோக்கன் இருந்தது. எங்களுக்கு முந்தைய எண்.

இருபத்திரண்டாவது வளைவில் கலாமணி நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் கை குடுங்க," என்றாள். கையில் ஹாரன் இருக்கிறதே என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

நாற்பதாவது வளைவில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பெயர் நீலவேணி என்று மேசையில் எழுதியிருந்தது. என் கோப்பைத் திறந்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்தார். அதில் நான்கு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. மஞ்சளாக, பளபளப்பாக, இன்று காலை பறித்த மாதிரி.

"உங்களுதுதானுங்களே?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புது வண்டி எடுத்தால் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டி முதல் முதலாக நகரும்போது அவை நசுங்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் கடை வாசலில் எனக்கும் வைத்தார்கள். தேங்காயும் உடைத்தார்கள். தேங்காய்ச் சில்லு வண்டிக்கு முன்னால் சிதறிக் கிடந்தது. புது டயரில் குத்திவிடுமே என்று நான் வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, வேறு வாசல் வழியாகப் போய்விட்டேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது தெரிகிறது, பழத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பழம் நசுங்கலீங்க. வண்டி கிளம்பலீங்க," என்றார் நீலவேணி.

எனக்குக் கோபம் வந்தது. மீட்டரைப் போய்ப் பாருங்கள், அறுபத்தோராயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது என்றேன்.

"அது மீட்டர் போனதுங்க. வண்டி போகலீங்க."

பொள்ளாச்சி ரோட்டில் வேகக் கேமரா எடுத்த படத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் என் வேகம் நூற்றுப் பன்னிரண்டு என்று அச்சாகியிருக்கிறது. அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பஸ் போகுதுங்க. புளியமரம் போகுதுங்க. உங்க வண்டி நிக்குதுங்க."

நானும் பார்த்தேன். பஸ் கலங்கித் தெரிந்தது. மரமும் கலங்கித் தெரிந்தது. என் கார் மட்டும் தெளிவாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு வருடத்தை நான்கு எலுமிச்சம்பழத்தில் மறைப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

நான் விடவில்லை. வண்டி எடுத்த பதினோராம் நாள் இதே காரில் வால்பாறைக்குப் பெண் பார்க்கப் போனேன் என்றேன். நாற்பது வளைவும் ஏறினேன். பெண்ணின் அப்பா எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தவர். பெண் சரியென்றாள். கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் இதோ நிற்கிறாள், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டேன்.

நீலவேணி ஒரு பதிவேட்டைப் புரட்டினார். வால்பாறை என்ற பக்கத்தில் விரலை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு கலாமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இவங்க யாருங்க?"

"நானும் ஆறு வருசமா அதையேதான் கேட்டுட்டு இருக்கேனுங்க," என்றாள் கலாமணி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வருத்தமாகவும் இருந்தது, ஆனால் கோபத்துக்குத்தான் முதலிடம்.

நீலவேணி இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். முதல் வழி, உள்ளது உள்ளபடி மாற்றிக்கொள்வது. கிளம்பாத வண்டியைக் கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்த வண்டியை எடுத்துக்கொள்ளலாம். என் காரில் கீறல் இல்லாததால் அதற்குத் தகுதி உண்டு. கீறல் விழுந்துவிட்டால் அந்த வண்டியை எந்தக் காலத்திலும் மாற்ற முடியாது. இதை அவர் இரண்டு தடவை சொல்லி, எனக்குப் புரிந்ததா என்று எழுதி வாங்கினார்.

பழைய கார் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வரதராஜுலுவைக் கூப்பிட்டார்கள். இரண்டு ஊழியர்கள் அவரைப் பின் இருக்கையோடு தூக்கிவந்து வைத்தார்கள். நாற்பது வளைவு தூக்கியும் அவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை. அவர் எங்களுக்கு வணக்கம் சொன்னார். நல்ல மனிதர்.

மைசூர் என்று கேட்டார் நீலவேணி. "போயாச்சுங்க," என்றார் வரதராஜுலு. திருச்செந்தூர், பாலக்காடு, மேட்டுப்பாளையம், தும்கூர். எல்லாவற்றுக்கும் போயாச்சு என்றே சொன்னார். பட்டறை இருக்கும் என் தெருப் பெயரைக் கேட்டபோதும் அதையே சொன்னார்.

"வால்பாறை?"

"போயாச்சுங்க. அறுபத்தெட்டுல. பொண்ணு பார்க்க."

"என்ன சொன்னாங்க?"

"வேண்டாம்னுட்டாங்க."

அவர் அதைச் சொல்லிவிட்டுச் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். நீலவேணி எனக்கு விளக்கினார். பழைய வண்டியை எடுத்தால், அது போன இடமெல்லாம் நான் போனதாகிவிடும். அங்கே கிடைத்த பதிலும் எனக்குக் கிடைத்த பதில்தான். முழங்காலுக்கு வசதியான வண்டி. ஆனால் வால்பாறையில் என்னை வேண்டாமென்று சொல்லியாயிற்று.

இரண்டாவது வழி, கீழே போய் நான்கு பழங்களையும் நசுக்குவது. இன்றைக்குத்தான் கிளம்பியதாக எழுதிக்கொள்வார்கள். நான் மறுபடியும் வால்பாறை போய் மறுபடியும் பெண் கேட்க வேண்டும்.

நான் மேசையில் ஓங்கி அடித்தேன். ஒரு பழம் உருண்டது. நீலவேணி அதைக் கீழே விழாமல் பிடித்தார். பழத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் கிளம்பியதாகிவிடும், பிறகு அதற்குத் தனி அலுவலகம் என்று எச்சரித்தார்.

நான் கலாமணியிடம் திரும்பினேன். நீயே சொல், நான் உன் வீட்டுக்கு வந்தேனா இல்லையா என்று கேட்டேன். வந்ததாகத்தான் ஞாபகம் என்றாள். ஹாலில் உட்கார்ந்து அவள் அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினேனாம். சிலிண்டர் எத்தனை, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி, எல்லாம் சொன்னேனாம். அவள் காபி கொண்டுவந்து வைத்தபோது டம்ளரைக் காரின் சாவிமேல் வைத்துவிடாதே என்று சொன்னேனாம். இருக்கலாம். அது எலக்ட்ரானிக் சாவி. ஈரம் ஆகாது.

"எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலீங்க. வண்டி நல்லாருக்குதுன்னு நானும் தலையாட்டிட்டேன்," என்றாள். பிறகு, "இந்தத் தடவை யோசிச்சுத்தானுங்க சொல்லுவேன்," என்றாள்.

அவள் போய் வரதராஜுலுவின் பக்கத்தில், அந்தப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். அது ஏற்கெனவே வால்பாறைக்குப் போன வண்டியின் இருக்கை. ஓட்ட வேண்டிய அவசியமில்லை. நீலவேணி முத்திரை குத்தினார். நான் பார்க்கும்போது இருக்கை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது.

"வால்பாறை சேர்ந்துட்டாங்க," என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இப்போது நான் இறங்குகிறவன். அந்த ஓய்வூதியக்காரர் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்கு வழிவிட்டேன். வேண்டுமென்றே மெதுவாக ஏறினார்.

முற்றத்தில் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பழங்களை வைத்தேன். நீலவேணி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். நான் வண்டியை முன்னால் எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்தது. வண்டிக்குள் எலுமிச்சை வாசனை அடித்தது. என் ஆறு வருடம் அவ்வளவுதான். அதை மறித்துக் கேட்க ஒரு நாதி இல்லை.

பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு தாண்டி, மலை ஏறினேன். வழி நெடுக எல்லாரும் என்னைப் புது வண்டிக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒன்பதாவது வளைவில் அந்த வரையாடு நின்றது. அதன் டோக்கன் எண் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. நான் ஹாரன் அடித்தேன். அது நகர்ந்து வழிவிட்டது. அன்று எனக்கு வழிவிட்டது அது ஒன்றுதான்.

கலாமணியின் வீட்டில் அதே கற்சுவர், அதே குறுகலான வாசல். வண்டியைச் சுவரோரமாக நிறுத்தினேன். அவள் அப்பா வெளியே வந்து, என்னை அதற்கு முன் பார்த்தே இராதவர் மாதிரிக் கும்பிட்டார். வண்டியைச் சுற்றி வந்தார்.

"சிலிண்டர் எத்தனைங்க தம்பி?"

நாக்கு நமநமவென்றது. தெரியலீங்க என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். உங்கள் மகளிடம் பேச வேண்டும் என்றேன்.

கலாமணி வந்தாள். அதே முழங்கால், அதே நடை. வண்டியைப் பார்த்தாள். உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். போன தடவையும் கேட்டாள். கதவைத் திறந்து, குழிக்குள் விழுவதுபோல விழுந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். ஸ்டியரிங்கைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். நான் வெளியே நின்றேன். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இதை நான் அதற்கு முன் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

வலிக்கிறது என்றாள். இறங்குகிறேன் என்று கதவைத் திறந்தாள்.

சுவருக்கும் பாதி திறந்த கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் இருந்தது. அவள் எழ வேண்டுமென்றால் கதவு இன்னும் திறக்க வேண்டும். கதவு திறந்தால் கீறல். கீறல் விழுந்தால் இந்த வண்டியை எந்தக் காலத்திலும் மாற்ற முடியாது. அந்த உயரமான இருக்கை கிடையாது. ஒவ்வொரு தடவையும் அவளை யாராவது தூக்கிவிட வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"கதவு" என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. ஆறு வருடப் பழக்கம். ஆறு வருடமே நடக்கவில்லை என்றால் பழக்கம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று அந்த நீலவேணியைக் கேட்க வேண்டும்.

வாயை மூடிக்கொண்டேன். கையை நீட்டினேன்.

கதவு கல்லில் பட்டது. கலாமணி என் கையைப் பார்த்தாள். முன்னே பின்னே திருப்பிப் பார்க்க வேண்டிய பொருளைப் போலப் பார்த்தாள்.

"போன தடவை இது இல்லீங்களே," என்றாள்.

இல்லை என்றேன்.

அவள் பிடிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்துக்கொண்டே காலை வெளியே போட்டாள். முன்னும் பின்னும் ஆடினாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கதவு கல்லில் உரசியது. முதலில் சிவப்பு போயிற்று, பிறகு அதற்கடியில் இருந்த வெள்ளை போயிற்று, பிறகு தகரம் தெரிந்தது. எனக்கு அப்படிக் கோபம் வந்தது. கையை எடுக்கவில்லை.