தோளில் இருந்த கை

எழுபத்தெட்டில் அடித்த சூறாவளி பட்டினசபை மண்டபத்தின் கூரையைக் கொண்டுபோனபோது, சுவரில் இருந்த பழைய தலைவர்களின் படங்களும் மழையில் கரைந்துபோயின. மறு வருடம் மண்டபம் திருத்தப்பட்டது. படங்களைத் திரும்ப மாட்ட வேண்டும் என்றார்கள். மற்றவர்களின் குடும்பங்களிடம் பிரதி இருந்தது. முன்னாள் தலைவர் பதியுதீன் சேர்மன் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்முனை ஸ்டூடியோவில் கிடந்த நெகட்டிவும் தண்ணீரில் ஒட்டிப்போயிருந்தது.

ஆள் உயிரோடுதான் இருந்தார். ஆனால் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து, வாய் கோணிவிட்டது. ஒருகாலத்தில் மைக் இல்லாமலே சந்தை முழுக்கக் கேட்கப் பேசியவர், இப்போது வாசலில் யாராவது சலாம் சொன்னாலே உள்ளறைக்குப் போய்விடுவார்.

"படம் வேணா. இந்த மூஞ்சிய ஆரு பாக்கிற?" என்றார்.

"நான் பாக்கிறேன்தானே, ஒவ்வொரு நாளும்," என்றார் மனைவி றஹீமா. "எனக்கு ஒரு கொறையும் தெரியல்ல."

மறுநாள் அவரே சவரம் செய்துவிடச் சொன்னார்.

ஸ்டூடியோக்காரர் கனகரெத்தினம் கமராவோடு வீட்டுக்கே வந்தார். வலப்பக்கம் வெளிச்சத்தில் தெரியும்படி கதிரையைத் திருப்பிப் போட்டார். சேர்மனால் நிமிர்ந்து இருக்க முடியவில்லை, சரிந்துகொண்டே போனார். றஹீமா பின்னால் நின்று தோளைப் பிடித்து, தன் முகம் படத்தில் விழாதபடி விலகிக்கொண்டார்.

"கை விழும் அக்கா. பிறகு அத வெட்டிப்போடலாம்," என்றார் கனகரெத்தினம்.

கழுவிய படத்தைக் கொண்டுவந்து காட்டியதும் றஹீமாவுக்குக் கூச்சமாகிவிட்டது. சட்டையை இறுக்கிப் பிடித்த அவருடைய கை பளிச்சென்று தெரிந்தது.

"யா அல்லாஹ்! வெட்டுங்க தம்பி. ஊர் ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

சேர்மன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"வெட்ட வேணா," என்றார். நாக்குக் குழறியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ராவு பகல் எண்டில்லாம ஆக்கள் வந்தாங்க. எல்லாருக்கும் சோறாக்கின கை. இது இல்லாட்டி நான் சேர்மனும் இல்ல, ஒண்டும் இல்ல."

றஹீமா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சபைக் கிளாக்கர் கை தெரியும் படத்தை மாட்டத் தயங்கினார். சேர்மன் விட்டுக்கொடுக்கவில்லை. படம் அப்படியே மண்டபத்தில் ஏறியது.

திறப்புவிழாவுக்கு அவர் றஹீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு காரில் வந்திறங்கினார். ஆட்கள் சூழ்ந்து சலாம் சொன்னார்கள். எல்லாருக்கும் நின்று பதில் சொன்னார்.

றஹீமா படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் காதருகே சாய்ந்தார்.

"முன்னமே சொல்லியிரிந்தா கையில நல்ல காப்பு ஒண்டு போட்டிரிப்பேனே."

சேர்மன் வாய் விட்டுச் சிரித்தார்.