தலைவரின் மகன் இருந்த சிறை

அப்பாவின் நினைவு நாள் வந்தாலே எங்கேயாவது ஓடி ஒளியத் தோன்றும். லண்டன் மோர்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்ற என்னைக் கூப்பிடுவார்கள். ஸ்ட்ரெதமில் கணக்காளராக எனக்கு நல்ல பெயர்தான். ஆனாலும் எங்கே போனாலும் நான் கணேசலிங்கம் இல்லை. தலைவர் தில்லையம்பலத்தின் மகன். போதாததற்கு ஒரு பொன்னாடை வேறு!

எழுபதுகளில் ஊரில் அப்பாவின் அரசியல் கூட்டம் என்றால் இளைஞர்கள் மேடையேறி, பெருவிரலைப் பிளேடால் கீறி, அவர் நெற்றியில் இரத்தத் திலகம் வைப்பார்கள். அப்பா கண் கலங்குவார். சனம் கை தட்டும். என்னை மட்டும் அவர் மேடைப் பக்கம் விடவில்லை. கையில் ஒரு கீறல்கூட இல்லாமல் லண்டனுக்கு விமானம் ஏற்றிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

தொண்ணூறாம் ஆண்டு, நினைவுக் கூட்டம் முடிந்து வடையும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து என் கையைப் பிடித்தார். பெயர் கனகாம்பிகை. ஊரிலிருந்து மகளிடம் புதிதாக வந்திருக்கிறார். அவருடைய மூத்த மகன் அப்பாவுக்குத் திலகம் வைத்தவன். எண்பத்து நாலில், ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் சேர்ந்து செத்துப்போனான். நான் ஏச்சு வாங்கத் தயாரானேன்.

“தம்பி, நீங்கள் எந்தச் சிறையில இருந்தனீங்கள்?”

எனக்கு விளங்கவில்லை.

“மூத்தவன்ர செத்தவீட்டுக்கு வந்த தலைவர் ஐயா சொன்னவர், ‘அழாதேங்கோ அம்மா, என்ர மகனும் சிறையில கிடந்து அடிவாங்குறான்’ எண்டு. அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தனான்.”

அட பாவி அப்பா! செத்தவீட்டிலுமா மேடைப்பேச்சு? அந்த வருடம் நான் இங்கே வீடு வாங்கிப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? வெட்கம் கெட்ட வாய், “கொழும்பில, அம்மா” என்றது.

“அடிச்சவங்களோ?”

“ஓம்.”

என் முதுகைத் தடவித் தடவி விம்மினார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“இளையவன் கொழும்பில நிக்கிறான். இஞ்ச வரமாட்டானாம், இயக்கத்துக்குத்தான் போவானாம். இவ்வளவு நாளும் அழுது மறிச்சு வைச்சிருந்தனான். தலைவற்ர பிள்ளையே இவ்வளவு பட்டிருக்கேக்க நான் என்னெண்டு மறிக்கிறது? போகட்டும். இண்டைக்கு ரெலிபோனில சொல்லப்போறன்.”

“ஐயோ அம்மா, வேண்டாம்!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

“நான் பொய் சொன்னனான். அப்பாவும் பொய்தான் சொன்னவர். நான் ஒருநாளும் சிறைக்குப் போகேல்லை. எழுபத்தாறிலயே என்னை இஞ்ச அனுப்பிப்போட்டார். பெடியனை மறியுங்கோ அம்மா, உங்களைக் கும்பிடுறன்.”

என் முதுகிலிருந்த கை கீழே இறங்கியது. அவர் கோபப்படவில்லை; ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மாலை போட்ட படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இளையவனை மறிக்கிறன், தம்பி. மூத்தவனை மறிக்கச் சொல்லி ஐயா ஏன் எனக்குச் சொல்லேல்லை?”