மண் இளகும் வரை

முட்டை சாண்ட்விச் தட்டோடு ரைலி படியிறங்கித் தேவாலயத்தின் கீழ்க்கூடத்துக்கு வந்தபோது, அவளுடைய தம்பியை விற்றுவிடலாமா வேண்டாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மேலே பிரார்த்தனை முடிந்து காபிகூட இன்னும் ஆறவில்லை. அப்பாவின் சவப்பெட்டி மேலேதான் இருந்தது.

"இவ்வளவு சம்பளம் வாங்கறவன் ஆடற ஆட்டமாய்யா இது? ஒருநாள் பாத்தா சாமி வந்தவன் மாதிரி ஆடறான். மறுநாள் பாத்தா பனியில நட்டு வச்ச கம்பம். வர்றவனெல்லாம் சுத்திக்கிட்டுப் போறான். வேற அணிக்கு வித்துத் தொலைக்கட்டும்" என்றான் கார்டி. ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கில் பனித்தளத்தைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டுகிறவன். ரைலியின் தம்பி ரிக்குவுக்கு முதன்முதலாகச் சறுக்குக் காலணி கட்டிவிட்டது அவன்தான். அதனால் ரிக்குவைத் திட்டுவதற்குத் தனக்குப் பட்டா இருப்பதாக நினைப்பு.

"அவன் போடற கோலை யாரு போடுவா, நீ போடுவியா?" என்றார் ஆர்வோ. அப்பாவோடு காகித ஆலையில் ஆயுசைக் கழித்தவர். "பின்னாலேர்ந்து கிளம்பி நாலு பேரை ஏமாத்திட்டுப் போயி அடிக்கிற தடுப்பாட்டக்காரனை எங்க பாத்திருக்கே?"

"தடுக்கறதுக்குத்தான்யா தடுப்பாட்டக்காரன்! வீட்டைக் காக்கறதுக்கு நாய் வாங்கினா, அது பக்கத்து வீட்டுக்குப் போயி எலும்பு தூக்கிட்டு வருது. நல்ல எலும்புதான், இல்லேங்கல. இங்க வீடு கொள்ளை போயிடுச்சே!"

மேசையே சிரித்தது. ஆர்வோதான் முதலில் ரைலியைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதம்மா. உங்கப்பன் தைஸ்தோ உயிரோட இருந்தா அவனும் இந்நேரம் இதைத்தான் பேசிட்டிருப்பான்" என்றார்.

உண்மைதான். அதுதான் ரைலியின் வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் உயிர் பிரிந்ததே இந்தப் பேச்சில்தான். கால்மாட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அவளை யாரென்றே தெரியாமல் கிடந்தவர், திரையில் ரிக்குவைக் கண்டதும் கண்ணைத் திறந்தார். "இடது பக்கத்தைப் பாக்க மாட்டேங்கறான். இடது பக்கம்டா..." என்றார். அவ்வளவுதான். குளிப்பாட்டி, ஊட்டி, பீ மூத்திரம் அள்ளி நாலு வருடம் அவரோடு கிடந்தவளின் பெயர் ஒரு தடவை அந்த வாயில் வந்திருக்கலாம். வரவில்லை.

அன்றைக்கென்று ரிக்கு இரண்டு கோல் போட்டான். அவன் கோல் போட்டால் தெருவில் கார்களெல்லாம் ஹாரன் அடிப்பது ஊர் வழக்கம். ஆறிப்போன கையைப் பிடித்துக்கொண்டு ரைலி உட்கார்ந்திருக்க, வெளியே ஊரே ஹாரன் அடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

ரிக்கு காபிப் பானையின் அருகே நின்று பாதிரியாரின் மனைவி நீட்டிய தொப்பியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ரைலியைக் கண்டதும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

"அக்கா, மூணு மணிக்கு விமானம். நாளைக்கு ஆட்டம் இருக்கு."

"தெரியும்."

"அடக்கத்துக்குக் கண்டிப்பா வந்துடறேன்."

பிப்ரவரியில் அந்த ஊர் மண் இரும்பு. மண்வெட்டி இறங்காது. யார் செத்தாலும் கல்லறைத் தோட்டத்துக் கல் கொட்டகையில் பெட்டி மே மாதம்வரை காத்திருக்க வேண்டும். அம்மாவும் அப்படித்தான் காத்திருந்தாள். அம்மாவை மண்ணுக்குள் இறக்கிய சனிக்கிழமை ரிக்கு எங்கோ மேற்கே ஆடிக்கொண்டிருந்தான். "அவனுக்கு ஆட்டம் இருக்குல்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் அப்பா பெருமையாகச் சொன்னார். பெட்டியை இறக்கும் பட்டைகளின் நாலாவது முனையைப் பிடிக்க ஆளில்லாமல் ரைலிதான் பிடித்தாள்.

தோட்டக் காவலர் வில்ஃப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர்கள் பக்கம் வந்தார். "தேதி சொல்லிட்டா நல்லது ரைலி. இந்தக் குளிர்ல நெறையப் பேரு போயிட்டாங்க. மே ரெண்டாவது சனிக்கிழமைக்கு மண்ணு இளகிடும்."

"அவ்வளவு அவசரம் என்னத்துக்கு?" கார்டி மேசையிலிருந்தே குரல் கொடுத்தான். "கோப்பை ஆட்டமெல்லாம் முடியட்டும். ஜூன்ல வச்சுக்கிட்டா ரிக்குவும் வந்துடுவான். தைஸ்தோ என்ன ரயிலைப் பிடிக்கவா போறாரு?"

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை ரிக்குவும் சிரித்தான்.

"ரெண்டாவது சனிக்கிழமையே போட்டுக்கோங்க" என்றாள் ரைலி.

"அக்கா, அன்னிக்கு நாங்க ஆடிக்கிட்டிருப்போம்."

"ஆடு. யாரு வேண்டாம்னா?"

"நாலு வாரம் தள்ளி வச்சா என்ன கொறைஞ்சு போயிடும்?"

ரைலி தட்டை மேசையில் வைத்தாள். "அம்மாவையும் தள்ளி வைக்கச் சொன்னே. அப்பா படுக்கையில விழுந்தப்ப, இந்த சீசன் முடியட்டும் அக்கா, வந்து பாத்துக்கறேன்னு சொன்னே. எத்தனை சீசன் முடிஞ்சுது? உனக்காகத் தள்ளி வச்சுத் தள்ளி வச்சே எனக்கு நாப்பத்தொண்ணு ஆயிடுச்சுடா. இதைத் தள்ளி வைக்க மாட்டேன். நீ அங்க நிக்கணும். பட்டையை நீ பிடிக்கணும்."

யாரோ காபிக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

"முயற்சி பண்றேன்" என்றான் ரிக்கு. தோற்ற பிறகு பத்திரிகைக்காரர்களிடம் சொல்வதும் இதே சொல்தான். ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனான். அந்த ரொட்டியை முந்தின நாள் பிசைந்து சுட்டவள் ரைலி.

மார்ச்சில் ரிக்கு சாமி. ஏப்ரலில் பாதி நாள் சாமி, பாதி நாள் கம்பம். விற்காததே நல்லது என்று ஆர்வோவும், விற்றிருந்தால் இன்னும் நல்லது என்று கார்டியும் மளிகைக்கடை வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள். எப்படியோ அணி கோப்பைச் சுற்றுக்குள் நுழைந்தது. மே வந்தது, மண் இளகியது. சனிக்கிழமை அடக்கம். வியாழக்கிழமை அந்தச் சுற்றின் கடைசி ஆட்டம். வென்றால் சனிக்கிழமையே அடுத்த சுற்று, தோற்றால் வீடு.

ரைலி ஹாக்கிக்காக ஒருநாளும் கடவுளைத் தொந்தரவு செய்ததில்லை. அந்த வியாழக்கிழமை செய்தாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஊர் முழுக்க எதை வேண்டிக்கொண்டிருந்ததோ அதற்கு நேர்மாறாக வேண்டிக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து ரிக்கு நன்றாக ஆடினான். ஒரு கோல் போட்டான், தெருவில் ஹாரன் அலறியது. ரைலிக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவனுக்கு நல்ல நாள் வருவதே எங்கள் வீட்டில் சாவு விழும்போதுதானா என்று வாய்விட்டே கேட்டாள்.

ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் முடிந்தது. ரிக்கு தன் அணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் பக் என்கிற ரப்பர் வட்டை எடுத்தான். ஆபத்து ஒன்றுமில்லை, சுவரோரமாகத் தள்ளிவிட்டிருந்தால் போதும். அவன் தூக்கக் கலக்கத்தில் இருப்பவனைப் போலத் தலையைத் தூக்கி வலப்பக்கம் யாரையோ தேடினான். இடது பக்கத்திலிருந்து வந்த எதிரணிக்காரன் பக்கைத் தட்டிப் பறித்து உள்ளே போட்டுவிட்டான்.

ரைலி எழுந்து நின்று கை தட்டினாள். பலமாக, மூன்று நான்கு தடவை. வெறும் வீட்டில் அந்தச் சத்தம் எழுந்த பிறகுதான் தட்டுவது தான் என்பது அவளுக்கு உறைத்தது. திரையில் ரிக்கு பனியில் மண்டியிட்டிருந்தான். அவன் முகத்தைக் கிட்டத்தில் போய்ப் போய்க் காட்டினார்கள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளங்கை எரிந்தது. அவளுக்குத் தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை, அதுதான் கொடுமை.

சனிக்கிழமை காலை ரிக்கு தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தான். சவரம் செய்திருக்கவில்லை.

"ஊர் எல்லையில என் படம் போட்ட பலகை ஈரமா இருக்கு. என்ன ஆச்சு?"

"முட்டை அடிச்சிருந்தாங்க. காலையில போயி தொடைச்சேன். முழுசாப் போகல."

அவன் தலையாட்டினான். கல்லறைத் தோட்டத்து வாசலில் அப்பாவின் பழைய நண்பர்கள் கூட்டமாக நிற்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பான். பிப்ரவரியில் கூடம் கொள்ளாத கூட்டம். இன்று பாதிரியாரும் வில்ஃபும் ஆர்வோவும்தான் நின்றார்கள். கார்டிக்கு முதுகு வலியாம். மற்றவர்கள் அந்தச் சாக்குக்கூடச் சொல்லவில்லை.

ஈரமண்ணில் நடக்கும்போது ரிக்கு மெதுவாகச் சொன்னான். "வேணும்னு பண்ணல, அக்கா."

"நான் கேக்கவே இல்லையே."

"பேசிக்கறாங்களாம். இங்க வரணும்கறதுக்காகத்தான் பக்கை விட்டுக் கொடுத்தேனாம். அப்படியெல்லாம் இல்ல. பாக்கலை, அவ்வளவுதான்." காலணியில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்தான். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பா இருந்திருந்தா—"

"இடது பக்கம்டான்னு கத்தியிருப்பாரு."

ரிக்கு சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டு பட்டைக்கு நாலு முனை. வில்ஃபும் ஆர்வோவும் பின்பக்கம். முன்பக்கம் வலது ரைலிக்கு, இடது ரிக்குவுக்கு. "இடது பக்கம் பாத்து..." என்று ஆர்வோ பழக்கத்தில் வாயைத் திறந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெட்டி இறங்கியது. ரைலியின் கை இரண்டு முறை வழுக்கியது. ஆர்வோவுக்கு மூச்சு வாங்கியது. ரிக்குவின் பக்கம் மட்டும் ஒரே சீராக, கொஞ்சம்கூடத் துள்ளாமல் இறங்கியது. பெட்டி அடியில் தட்டி நின்றது.

"அவ்வளவுதான். விட்டுடலாம்" என்றார் வில்ஃப்.

மூன்று பேர் விட்டார்கள். ரிக்கு விடவில்லை. பட்டையை முஷ்டியில் சுற்றிக்கொண்டு குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். பட்டை இழுத்துக் கட்டிய கொடிபோல விறைப்பாக இருந்தது.

"விட்டுடுப்பா. இனிமே ஒண்ணும் ஆகாது" என்றார் வில்ஃப் மறுபடியும்.

அவன் விடவில்லை. ரைலி அவனை விடுவிக்கப் போகாமல் தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.