கீசருக்கு மேலே ஒரு கூடு

அந்த கேஸ் கீசரைக் கண்டாலே இந்துமதிக்கு ஆகாது. செஞ்சித் தண்ணீரின் உப்பு அதன் குழாயை அடிக்கடி அடைத்துவிடும். பேட்டரி தீர்ந்தால் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்குமே தவிரப் பற்றாது. மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தாலோ, பாதிக் குளியலில் அணைந்து ஆளைச் சோப்பு நுரையோடு நிற்க வைத்துவிடும். இத்தனைக்கும் அவள் கணவர் ஜெயபாலிடம் இருந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பக்கவாட்டில் இரண்டு தட்டு. பாத்திரக்கடைக்காரர் இல்லையா, எதையும் தட்டித்தான் பார்ப்பார்.

தட்டினால் தீராத கோளாறு மார்கழியில் வந்தது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தது. மேல்சுவரில் கரி படிந்தது. குளித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் தலைவலி தலைவலி என்றார்கள். ரிப்பேர்காரர் பர்னரைக் கழற்றித் துடைத்தார். குளியலறையில் ஜன்னல் கிடையாது, இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனும் எரிந்துபோய்க் கிடக்கிறது, புது ஃபேன் மாட்டாமல் இதைப் போடவே கூடாது, உள்ளே சேர்கிற விஷக்காற்றுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புது ஃபேனும் வாங்கியாயிற்று. பழையதைக் கழற்ற எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறினால், ஓட்டை முழுக்க வைக்கோலும் நூலும் கோழி இறகுமாக ஒரு குருவிக்கூடு. உள்ளே முட்டை.

"அத்த தொடாதப்பா, புண்ணியமாப் போவும்," என்றாள் இந்துமதி. "பொரிச்சி பறந்து போவட்டும். அப்பறம் மாட்டிக்கலாம்."

வேறு வீடாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இது ஜைன வீடு. குழாய் வாயில் துணி கட்டி வடிகட்டின தண்ணீரைத்தான் குடிப்பார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள், எறும்பு மருந்து வாசல்படி ஏறினதே இல்லை. அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. குருவி பறக்கும்வரை கீசருக்கு லீவு. பின்கட்டில் இருந்த கீசர் சிலிண்டரை அவளே மூடினாள். அடுப்பில் வெந்நீர் வைத்து வாளியில் ஊற்றிக் குளித்தார்கள். சில நாளில் குஞ்சு பொரித்தது. மகள் ஷோபனா பல் தேய்க்கும்போது அண்ணாந்து பார்த்து அதுகளோடு பேசுவாள்.

தை மாதத்தில் ஒரு நாள் ஷோபனாவுக்குப் ப்ளஸ் டூ ப்ராக்டிகல். மலை சுற்றின ஊர், பனி எலும்பைத் துளைத்தது. தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று பெண் அடம் பிடித்தாள். இந்துமதி அடுப்பில் பெரிய தவலையை ஏற்றிவிட்டுப் பால் வாங்கப் போனாள். பால்காரரிடம் நாலு வார்த்தை, எதிரில் வந்தவளிடம் நாலு வார்த்தை. திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. தவலைத் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. குளியலறையிலோ தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"இன்னாங்க, அடுப்பு ஏன் நின்னு கெடக்குது?"

ஜெயபால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "அடுப்பு சிலிண்டர் தீந்துபோச்சி. புள்ள லேட்டாவுதுன்னு அழுதுச்சி. கீசரப் போட்டுக் குடுத்துட்டேன்."

"இன்னாது?"

"பத்து நிமிஷம் ஆவுமா? ஒரு நாளைக்கி ஒண்ணும் ஆயிடாது. கதவ ஒருக்களிச்சி வெச்சிக்கோம்மான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். வாடை எதுவும் வரலையே, நான் பாத்துட்டேன்."

"வயசுப் பொண்ணு கதவத் தொறந்து வெச்சிட்டுக் குளிக்குமா? அறிவு இருக்குதா உங்களுக்கு? அதுக்கு வாடையே இருக்காதுன்னு அந்த ஆளு தலைபாடா அடிச்சிக்கினாரே!"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படிக் கேட்டதில்லை. பால் பாத்திரம் எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் ஓடினாள். இரும்புத் தகடு அடித்த கதவு, உள்தாழ்ப்பாள் கெட்டியாகப் போட்டிருந்தது.

"ஷோபனா! ஏய் ஷோபனா!"

தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே மாதிரி கொட்டியது. ஆள் மேலே பட்டுச் சிதறுகிற சத்தம் அதில் இல்லை. இந்துமதி இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள். "என் கண்ணு, தாழ்ப்பாள எடுடி! அம்மாடி!"

பின்கட்டுக்கு ஓடி முதலில் சிலிண்டரை மூடினாள். திரும்பி வருவதற்குள் ஜெயபால் தோளால் இடித்துக்கொண்டிருந்தார். கதவு அசையவில்லை. திருட்டுப் பயத்துக்கு அவரே பார்த்துப் பார்த்துப் போட்ட கதவு அது. "தனகோட்டி! டேய் தனகோட்டி! கடப்பாரையத் தூக்கினு ஓடியாடா!" என்று அலறிக்கொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடினார். குரல் உடைந்து பொம்பளைக் குரலாக இருந்தது.

கடப்பாரை வந்து, கதவு பெயர்ந்து, அதற்குள்? உள்ளே காற்று போக வழியே இல்லை. இருந்த ஒரே வழியை அடைத்துக்கொண்டு குருவி இருந்தது.

வெளியே ஓடி, குளியலறையின் பின்சுவரோரம் கிடந்த ட்ரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். தாய்க்குருவி விர்ரென்று அவள் முகத்தில் மோதிக்கொண்டு பறந்தது. வைக்கோலுக்குள் குஞ்சுகள், இன்னும் சரியாக இறகு முளைக்காத சிவந்த சதை. சோர்ந்து கிடந்தவை அவள் நிழல் விழுந்ததும் தாய் வந்துவிட்டது என்று எண்ணி வாயைத் திறந்தன.

இந்துமதி கையை விட்டு இழுத்தாள்.

கொத்தாக வந்தது. வைக்கோல், நூல், இறகு, குஞ்சு எல்லாம் அவள் தோளை உரசிக்கொண்டு கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தன. கீழே பார்க்கவில்லை. மறுபடியும் விட்டுத் துழாவி மிச்சத்தையும் பிடுங்கினாள். துருப்பிடித்த ஃபேன் இறக்கை உள்ளங்கையைக் கிழித்தது. சூடான ஆவி முகத்தில் அடித்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால், பெண் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை தொங்கிப்போயிருந்தது. அம்மா கத்தின கத்தலுக்கு விரல்கூட அசையவில்லை.

அந்தப் பக்கம் கடப்பாரை நாலைந்து இடி இடித்தது. கதவு பெயர்ந்து விழுந்தது. தனகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகி நிற்க, இந்துமதி உள்ளே பாய்ந்து புடவையை அவிழ்த்து மகள்மேல் சுற்றினாள்.

"கூடத்துல போட வேணாம், வெளிய தூக்குங்க! காத்துக்குத் தூக்குங்க!"

முற்றத்தில் கிடத்தினார்கள். கன்னமெல்லாம் ரோஜாப்பூவாகச் சிவந்திருந்தது; பார்க்கிறவர்கள் தூங்குகிறாள் என்றுதான் நினைப்பார்கள். மூச்சு இழை மாதிரி ஓடியது. கன்னத்தைத் தட்டினாள், பாதத்தைத் தேய்த்தாள், தெரிந்த தீர்த்தங்கரர் பெயர்களையெல்லாம் முன்னும் பின்னுமாகக் குழறினாள். தனகோட்டி தன் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான். "ஏறுக்கா, பேசினு நிக்காத!" பஜார் முழுக்க ஹாரனில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. வழியில் ஷோபனா ஒரு தரம் குமட்டி வாந்தி எடுத்தாள். வாந்தியைப் பார்த்து ஒரு தாய் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் சற்று நேரம் உள்ளேயே கிடந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னாள். ஜெயபால் வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்துமதி அழவில்லை. கையில் தையல் போடும்போதும் மகள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஷோபனா தெளிந்து கண்ணைத் திறந்தாள். தலை பிளக்கிறது என்றாள். ப்ராக்டிகல் போச்சா என்று கேட்டாள். நடந்ததையெல்லாம் நைனா சொல்லச் சொல்ல, அம்மாவின் கைக்கட்டைப் பார்த்தாள்.

"நைனா, அந்தக் குஞ்சிங்க?"

"பறந்து போச்சிம்மா," என்றார் ஜெயபால்.

"இறகே மொளைக்கலியே நைனா."

இந்துமதி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "செத்துப்போச்சிடி. நான்தான் இழுத்துப் போட்டேன்."

"அந்தப் பாவம் என்னுது, இந்து," என்றார் ஜெயபால். "கேசத் தொறந்து வுட்டவன் நான். உன் தலையில போட்டுக்காத."

"நீங்க செஞ்சது உங்குளுது. இது என்னுது. அதுங்க வாயத் தொறந்துச்சிங்க, ஷோபனா, நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் இழுத்தேன். எறும்ப மிதிச்சாக்கூட மனசு கேக்காதே எனக்கு, இந்தக் கை ஒரு நொடி நிக்கலடி." அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். "நாளைக்கே மறுபடியும் இப்பிடி ஆனாலும் இழுப்பேன். அதான் எனக்கு பயமா இருக்குது."

ஷோபனா ஊசி குத்தாத கையை நீட்டி அம்மாவின் கட்டுப் போட்ட கையைத் தொட்டாள். அப்போதுதான் இந்துமதிக்கு அழுகை வந்தது. மகள் பிழைத்துவிட்டாள். அவள் அழுதது அந்தக் குஞ்சுகளுக்காக.